கல்லீரல் வலித்துக் காட்டாது

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, கிளினிக்கைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கைத் தந்த சங்கப் பொருளாளர் அண்ணன் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய நகரப் பிரமுகர் ஐயா அவர்களே, தேவனாம்பட்டினத்திலிருந்தும் தாழங்குடாவிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். கல்லீரல் கொழுப்பை ஊசி குத்தாமல் கண்டுபிடிப்பது எப்படி, யாரெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும், என்ன சாப்பிடலாம்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். 2015 மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற நமக்கு அதன் பொருள் தெரியும். கல்லீரலில் ஏறும் வெள்ளத்துக்கு ஓசை கிடையாது, வலியும் கிடையாது.

என் தம்பி பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறான். வெற்றிலைகூடப் போடாதவன். சர்க்கரை மட்டும் எட்டு வருடமாக உண்டு. போன வருடம் வயிறு உப்புசம் என்று ஸ்கேன் எடுத்தான். ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 2’, அதாவது கல்லீரலில் நடுத்தர அளவுக் கொழுப்பு என்று இருந்தது. அதை வாங்கிப் பார்த்தவர், “எத்தனை வருஷமா குடிக்கிறாரு?” என்று கேட்டார். தம்பி மனைவி எழுந்துவிட்டாள். “எங்க வீட்டுக்காரரு கோயில் பானகத்தைத் தவிர வேற எதையும் வாயில வெச்சதில்ல. யாரைப் பாத்து என்ன கேக்குறீங்க?” காத்திருந்த கூட்டம் முழுக்கத் திரும்பியது. வீட்டுக்கு வந்தால் மாமியார், “ஏம்ப்பா, எங்களுக்குத் தெரியாம எங்கயாவது…” என்று இழுக்கிறார். மூன்று நாள் அவன் சரியாகச் சோறு தின்னவில்லை. நான் போய் உட்கார்ந்து சொன்னேன்: சர்க்கரையும் தொப்பையும் போதும், இதற்குக் குடி வேண்டியதில்லை.

பிறகு நான்தான் ஃபைப்ரோஸ்கேனுக்கு, அதாவது அதிர்வு அனுப்பிக் கல்லீரலின் இறுக்கத்தைப் பார்க்கும் ஸ்கேனுக்கு, அழைத்துப் போனேன். மூன்று மணி நேரம் வெறும் வயிறு. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி மல்லாந்து படுத்தான். விலா இடுக்கில் சில்லென்று ஜெல். விரலால் சுண்டியதுபோல் பத்துத் தட்டு. அந்த அதிர்வு எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அவ்வளவு இறுகியிருக்கிறது கல்லீரல். அந்த இறுக்கத்தை அளக்கும் அலகு கிலோபாஸ்கல்; அவனுக்கு 7.1. 8-க்குக் கீழே என்றால், கல்லீரலை இறுக வைக்கும் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. கொழுப்பின் அளவையும் அதே கருவி சொல்லிவிடுகிறது. சாதாரண வயிற்று ஸ்கேன், கொழுப்பு 20, 30 சதவீதத்தைத் தொடும்வரை பல நேரம் கோட்டைவிடும். எம்.ஆர்.ஐ. 5 சதவீதத்திலேயே பிடிக்கும். ஆனால் செலவு நம் கைக்கு எட்டாது. தம்பி 84 கிலோவிலிருந்து 77-க்கு இறங்கியிருக்கிறான். வெள்ளம் வருமுன் அணை போட்டவன் அவன்.

அவனிடம் பணம் இருந்தது, போட்டான். சிங்காரத்தோப்பில் மீன் கூடை சுமக்கும் அக்காவுக்கு? இந்த ஸ்கேனுக்காகப் புதுச்சேரிக்குப் போய்வந்தாலே ஒரு நாள் வருமானம் போச்சு. தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் இந்த நோயை ஒன்றிய அரசு 2021-இல் சேர்த்தது. அதே ஆண்டுதான் நம் மாநிலத்தில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. வீட்டு வாசலில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்களே, அந்தப் பட்டியலில் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்காகக் கல்லீரல் ஸ்கேன் வண்டி ஒன்று மாதம் ஒருமுறை கடலோரக் கிராமங்களுக்கு வர வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். வெள்ளம் வருமுன் அணை போடுங்கள் என்று ஆட்சியர் அலுவலகத்தில் இரண்டு முறை மனு கொடுத்துவிட்டோம்.

மூன்றாவது செய்தியான சாப்பாட்டைப் பற்றி என்னைவிட நன்றாக மருத்துவர் அம்மா பேசுவார்கள். மூன்றாவது மனுவுக்கான கையெழுத்துத் தாள் வாசல் மேஜையில் இருக்கிறது. கைநாட்டு வைக்கிற தாய்மார்களுக்கு மை டப்பாவும் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.