மெடிகெய்ட் வெட்டு ஊருக்குள் வந்து சேரும் வழி

அவையோருக்கு வணக்கம்.

2025 ஜூலை 4 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட வரி, செலவினச் சட்டத்தில் மெடிகெய்ட் பகுதியை மட்டும் இன்று பார்ப்போம். குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒன்றிய அரசும் மாநிலங்களும் சேர்ந்து பணம் போட்டு நடத்தும் மருத்துவக் காப்பீடு இது. இந்தச் சட்டத்தால் 2034-ல் கூடுதலாக ஏறத்தாழ 1 கோடி பேர் காப்பீடு இல்லாமல் இருப்பார்கள் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது.

அவர்கள் எல்லாரும் தகுதியில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் படிவத்தில் தோற்பார்கள்.

ஒபாமா காலச் சட்டத்தால் மெடிகெய்டுக்குள் வந்த 19 முதல் 64 வயதுக்காரர்கள், 2027 ஜனவரி முதல் மாதம் 80 மணி நேர வேலை, படிப்பு அல்லது சமூகப்பணியைக் காட்ட வேண்டும். மாத வருமானம் 580 டாலர் இருந்தாலும் போதும். 80 மணியை ஒன்றியக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலரால் பெருக்கிய கணக்கு அது. கர்ப்பிணிகள், 13 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர், கடும் நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு.

விலக்குதான் இருக்கிறதே என்பீர்கள். ஆர்கன்சா மாநிலத்தில் 2018-ல் இதே 80 மணி விதி வந்தது, விலக்குகளோடுதான். தொடக்கத்தில் இணையதளத்தில் மட்டுமே பதிய முடியும். அந்தத் தளத்தை இரவு 9 மணிக்கு மூடி, காலை 7 மணிக்குத் திறப்பார்கள். இணையதளத்துக்கு என்ன தூக்கமோ! சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். வேலைக்குப் போவோர் எண்ணிக்கை கூடவில்லை என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது.

இப்போது இன்னொன்றும் சேர்கிறது. இந்தப் பிரிவினருக்கு ஆண்டுக்கொருமுறை நடந்த தகுதிச் சோதனை, 2026 இறுதியிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். வீடு மாறியவருக்குக் கடிதம் பழைய முகவரிக்குப் போகும். பதில் வராவிட்டால் பெயர் நீங்கும்.

பெயர் நீங்கியவருக்கு நெஞ்சுவலி வந்தால்? 1986-ம் ஆண்டுச் சட்டப்படி அவசர சிகிச்சைப் பிரிவு அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. பில்லை யார் கட்டுவது என்பதுதான் சிக்கல். விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று மாதச் செலவையும் மெடிகெய்ட் ஏற்றுவந்தது. 2027-லிருந்து இவர்களுக்கு அது ஒரு மாதமாகச் சுருங்குகிறது. மீதி மருத்துவமனையின் வராக்கடன்.

அடுத்த அடி மாநிலக் கஜானாவில் விழுகிறது. இந்தப் பிரிவினருக்கான 100 டாலர் செலவில் ஒன்றியப் பங்கு 90, மாநிலப் பங்கு 10. அந்தப் பத்தில் ஒரு பகுதியைப் பல மாநிலங்கள் மருத்துவமனைகள் மீதான வரியிலிருந்து திரட்டுகின்றன. அந்த வரிக்கான 6 சதவீத உச்சவரம்பு, ஒபாமா காலச் சட்டப்படி காப்பீட்டை விரிவாக்கிய மாநிலங்களில் 2028 முதல் ஆண்டுக்கு அரை சதவீதம் வீதம் இறங்கி 2032-ல் 3.5 சதவீதம் ஆகும். மாநிலத்தால் பத்து டாலர் போட முடியாவிட்டால், கூடவே வரவேண்டிய தொண்ணூறும் வராது.

கிராமத்து மருத்துவமனையில் இதில் பெரும்பாலும் முதலில் பலியாவது பிரசவ வார்டு. மாதம் பத்துப் பிரசவம் நடந்தாலும் நூறு நடந்தாலும் செவிலியர், மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர் ஆகியோர் இரவுபகலாகத் தயாராக இருக்க வேண்டும். செலவு குறையாது. அமெரிக்கப் பிரசவங்களில் பத்துக்கு நான்கு மெடிகெய்டில் நடக்கின்றன. கிராமங்களில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். வார்டு மூடினால் நல்ல தனியார் காப்பீடு வைத்திருக்கும் ஆசிரியையும் அடுத்த கவுன்டிக்குத்தான், அதாவது அடுத்த மாவட்டத்துக்குத்தான், ஓட வேண்டும். ஏழைகளுக்கான திட்டம்தானே என்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். கிராமப்புற மருத்துவத்துக்கென ஐந்தாண்டுக்கு 5,000 கோடி டாலர் நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அது 2030-ல் முடிகிறது. வரி உச்சவரம்பு அதன்பிறகும் இறங்கும்.

செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மெடிகெய்டில் இருப்பவர்கள் முகவரி, தொலைபேசி எண்ணை இப்போதே திருத்துங்கள். ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்து வையுங்கள். நோய்க்காக விலக்குக் கேட்பவர்கள் மருத்துவரிடம் எழுத்துமூலம் சான்று வாங்குங்கள். வேலை விதியை நிறைவேற்றவில்லை என்று நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல 30 நாள் உண்டு. அதுவரை காப்பீடு தொடரும். தவறவிட்டு நீக்கப்பட்டால், அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் தனியார் காப்பீடு வாங்குவதற்கான பிரீமிய மானியமும் கிடைக்காது.

காப்பீட்டுக் கவலை இல்லாதவர்கள் கவுன்டி கூட்டத்துக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் மருத்துவமனை வருமானத்தில் மெடிகெய்ட் பங்கு எவ்வளவு? புதிதாகக் காசு வராவிட்டால், கையிருப்பை வைத்து எத்தனை நாள் நடத்த முடியும்?