முருங்கைக்கீரை ஆய்ந்தபடி ஒரு தீர்ப்பு

நடுவர் அவர்களே, எங்கள் அணியின் பேச்சைக் கேட்க வந்திருக்கும் பெரியோர்களே, எதிரணியின் பேச்சைக் கேட்ட பிறகும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் பொறுமைசாலிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஒரு படத்தின் தரத்தைச் சரியாகச் சொல்வது தியேட்டர் கைதட்டலா, வீட்டுக் கூடத்துப் பேச்சா?" இதுதான் தலைப்பு. நான் வீட்டுக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "வீட்டில் படம் பார்க்கிறவன் பாதி நேரம் செல்போனைப் பார்க்கிறான். கால்வாசி நேரம் தூங்குகிறான். மிச்ச நேரம் குக்கர் விசிலை எண்ணுகிறான். இவன் 'படம் மொக்கை'ன்னு சொன்னா அது ஒரு கருத்தா?" என்று கேட்டார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பின்னே என்ன, அண்ணன் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்த மாதிரி அல்லவா சொன்னார்!

ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தவர் கூடத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியாரைக் கவனிக்காமல் போய்விட்டார்.

எங்கள் அத்தைக்கு எழுபத்தொரு வயது. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். கண் கீரையில், காது டிவியில். நாலு காம்புக்கு ஒரு தடவைதான் திரையைப் பார்ப்பார். ஒரு நாள் ஏதோ ஒரு சீரியல். கதாநாயகி ஆஸ்பத்திரிக்குள் அழுதுகொண்டே ஓடுகிறாள், அடுத்த காட்சியில் அழுதுகொண்டே வெளியே வருகிறாள். பின்னணி இசையில் வீடே அதிருகிறது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தை கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஏத்தா, உள்ள போகயில கழுத்துல ரெட்டை வடச் சங்கிலி கெடந்துச்சு. வெளிய வரையில ஒத்தை வடமா இருக்கு. உள்ள ஆஸ்பத்திரியா, அடகுக்கடையா?"

மறுநாள் செல்போனில் அந்த எபிசோடைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ரெட்டை வடம்தான் உள்ளே போயிருந்தது. சங்கிலி, பொட்டு, புடவை மடிப்பெல்லாம் காட்சிக்குக் காட்சி மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கவே படப்பிடிப்பில் கன்டினியூட்டி எழுதும் உதவி இயக்குநர் உண்டு. அவர் கோட்டைவிட்டதை ஒரு முறம் கீரைக்கு நடுவில் பிடித்த ஆளைத்தான் எதிரணி 'கவனம் இல்லாத பார்வையாளர்' என்கிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை நடுவர் அவர்களே. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கேள்விப்பட்டிருப்பீர்கள். பணத்தைக் கொட்டி எடுத்த அமெரிக்கத் தொடர். 2019 மே மாதம் வந்த ஒரு எபிசோடில், அரசர்களும் வீரர்களும் விருந்துண்ணும் காட்சியில், ராணிக்கு முன்னால் மேசை மேல் இந்தக் காலத்துக் காகிதக் காபிக் கப் ஒன்று கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. இயக்குநர் பார்க்கவில்லை, ஒளிப்பதிவாளர் பார்க்கவில்லை, எடிட்டர் பார்க்கவில்லை. உலகம் முழுக்க வீட்டுச் சோபாவில் கிடந்தவர்கள் பார்த்தார்கள். தயாரித்த எச்பிஓ நிறுவனம் தப்பை ஒத்துக்கொண்டு, "ராணி கேட்டது மூலிகைத் தேநீர்தான்" என்று கிண்டலும் அடித்துவிட்டு, அந்தக் கப்பைக் கணினியில் அழித்தது.

அதற்கு முந்தைய வாரம் இன்னொரு கூத்து. ஒரு முழு எபிசோடு போர், ராத்திரிப் போர். ஜனங்கள் எல்லோரும் "ஒண்ணுமே தெரியலையே, கரண்ட் போயிடுச்சா?" என்றார்கள். ஒளிப்பதிவாளர் சொன்ன பதில் என்ன தெரியுமா? மக்களுக்கு வீட்டு டிவியைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்கிற மாதிரி பேசினார். ஐயா, வீட்டு டிவிக்காகவே எடுத்த தொடர் வீட்டு டிவியில் தெரியவில்லை என்றால் தப்பு யார் மேல்? சாம்பாரில் உப்பு இல்லை என்றால் நாக்கை மாற்றிக்கொள்ளச் சொல்வீர்களா?

சரி, தியேட்டருக்கு வருவோம். நான் தியேட்டருக்கு எதிரி இல்லை. கல்யாணம் ஆன புதிதில் நாங்கள் போன முதல் இடமே தியேட்டர்தான், அதை இங்கே விரித்துச் சொன்னால் என் வீட்டுக்காரர் வருத்தப்படுவார். ஆனால் தியேட்டரில் வரும் கருத்து யாருடைய கருத்து? நாலு பேர் போகிறோம். டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன், சின்னவனுக்கு ஒரு ஐஸ்கிரீம். எப்படிச் சுருக்கினாலும் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அவ்வளவு செலவழித்துவிட்டு வெளியே வரும்போது "குப்பை" என்று சொல்ல வாய் வருமா? அதனால்தான் "ஒரு தடவை பார்க்கலாம்" என்கிறோம். அது படத்தைப் பற்றிய வாக்கியமே இல்லை. போன காசுக்கு நம்மை நாமே தேற்றிக்கொள்வது. வீட்டில் அந்தத் தேறுதல் தேவைப்படாது. பத்தாவது நிமிஷம் பிடிக்கவில்லையா, ரிமோட் இருக்கிறது.

இன்னொன்று, கூட்டம். முதல் நாள் முதல் காட்சியில் நாயகன் கதவைத் திறந்தாலே விசில், கதவைச் சாத்தினாலும் விசில். வசனம் யார் காதில் விழுந்தது? அந்த வசனம் நல்ல வசனமா என்று நாங்கள்தான் நாலு வாரம் கழித்து ஓடிடியில் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது எதிரணிக்கு ஒரு கேள்வி. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் எப்படிப் போனது? போணியாகவில்லை. அதே பொங்கலுக்கு வந்த 'தூள்' பட்டையைக் கிளப்பியது. தியேட்டர் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு என்றால் 'அன்பே சிவம்' அந்தத் தை மாதத்தோடு முடிந்த கதை. யார் அதைத் தூக்கி நிறுத்தியது? விடுமுறை நாள் மத்தியானங்களில் டிவியில் வந்தபோது, சாப்பிட்டு முடித்த தட்டைக்கூடக் கழுவாமல் கை காயக் காய உட்கார்ந்து பார்த்தோமே, நாங்கள். கமல்ஹாசனும் மாதவனும் ரயிலிலும் பஸ்ஸிலும் சண்டை போட்டுக்கொண்டே வரும் அந்தப் பயணம் இன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் மனப்பாடம். படம் வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் அதைப் பற்றி அப்பாவோடு வாதாடுகிறார்கள்.

செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்', 2010 பொங்கல். தியேட்டரில் பாதிப் பேர் "இரண்டாம் பாதி புரியவில்லை" என்று எழுந்து வந்தார்கள். அதில் சோழர் பேசும் பழந்தமிழ் ஒரு தடவை கேட்டால் பிடிபடாது. என் தம்பி வீட்டில் அதை நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி, "அக்கா, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று தமிழ் படித்த என்னிடம் கேட்டு, மூன்று ராத்திரியில் பார்த்து முடித்தான். இப்படி ஆயிரம் வீட்டுத் தம்பிகள் பார்த்துப் பேசிய பிறகு, 2021 கடைசி நாளில் அந்தப் படத்தை மறுபடி தியேட்டரில் போட்டார்கள். போய்க் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு ஆள் அனுப்பியது யார் அண்ணே? எங்கள் கூடம்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 'த ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' 1994இல் தியேட்டரில் போட்ட முதலுக்குக்கூடத் திணறியது. அப்புறம் வாடகைக் கேசட்டில் பார்த்தார்கள், கேபிள் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஐஎம்டிபி தளத்தில் ரசிகர்கள் போடும் மார்க்கில் அது பல வருஷமாக முதலிடம். 2021 நவம்பரில் அதையும் தாண்டிப் பத்துக்கு 9.6 வாங்கியது ஒரு தமிழ்ப் படம், 'ஜெய் பீம்'. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஓடிடியில் மட்டும் வந்த படம். ஒரு கட் அவுட் இல்லை, ஒரு குடம் பால் ஊற்றவில்லை. அந்த மார்க்கில் நம் ஆட்களின் ஆர்வக்கோளாறும் கொஞ்சம் கலந்திருக்கும், நான் மறுக்கவில்லை. வீட்டில் இருப்பவன் மார்க்கை அள்ளியும் போடுவான், பிடிக்காத நடிகர் என்றால் பார்க்காமலே பூஜ்யமும் போடுவான். அந்த ஆட்களை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். நான் பேசுவது பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களைப் பற்றி.

'குக்கர் விசிலை எண்ணுகிறார்கள்' என்றாரே அண்ணன், அதற்கு வருகிறேன். 2020 நவம்பர் 12, 'சூரரைப் போற்று' நேராக ஓடிடியில் வந்த நாள். அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அப்பா சாகக் கிடக்கிறார், ஊருக்குப் போக விமான டிக்கெட்டுக்குக் காசு பற்றவில்லை, விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் சூர்யா கையேந்துகிறார். குக்கர் மூன்று விசில் அடித்தது. யாரும் எழவில்லை. நாலு, ஐந்து. சின்னவன் கூட செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். ஏழாவது விசிலுக்கு அத்தைதான் சொன்னார், "அது கெடக்கட்டும் விடு." அன்றைக்குப் பருப்பு குழைந்து கூழாகிவிட்டது. அந்தப் படத்துக்கு எங்கள் வீட்டில் விழுந்த விசில் அது ஒன்றுதான். பிற்பாடு சிறந்த படம், சிறந்த நடிகர் என்று ஐந்து தேசிய விருது வந்தது. எங்களுக்கு அந்தப் பருப்பு அன்றைக்கே சொல்லிவிட்டது.

இருட்டில் கதவைச் சாத்தி, நடு வரிசையில் உட்காரவைத்தால் எந்தப் படத்தையும் இரண்டரை மணி நேரம் பார்க்கத்தான் வேண்டும். எழுந்து போவதற்கே பத்து முழங்காலைத் தாண்டணும். அடுப்பும் போனும் பக்கத்து வீட்டுக்காரம்மாவும் கூப்பிடுகிற இடத்தில் ஒரு படம் ஆளை அசையாமல் வைத்திருக்கிறதே, அதுதான் பரீட்சை.

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று. 2024 டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. படம் வந்து முதல் மூன்று நாள் இணையத்தில் யாரும் விமர்சனம் போடக்கூடாது என்று கேட்டார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. அவர்கள் பயந்தது யாருக்கு? தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினால் பேசுகிறவருக்கு. என் அத்தைக்கு யாரும் தடை கேட்கவில்லை. அவர் வாய் திறக்கும்போது வசூல் கணக்கு முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அவர் பேச்சால் யாருக்கும் ஒரு ரூபாய் வரவும் வராது, போகவும் போகாது. அப்படிப்பட்ட ஆள் எதற்காகப் பொய் சொல்லணும்?

இந்தப் பட்டிமன்றமும் பொங்கலன்று டிவியில் வரப்போகிறது. இங்கே நீங்கள் தட்டிய கைதட்டல் எனக்குப் பெரிய சந்தோஷம், மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் கையெல்லாம் வேர்ப்பது அதற்காக இல்லை. அன்றைக்கு எங்கள் கூடத்தில் முறத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். என் பேச்சு முழுக்க ஓடி முடியும் வரை ஒன்றும் சொல்லமாட்டார். முடிந்ததும் கீரையை உதறிவிட்டுக் கேட்பார்:

"பேச்செல்லாம் சரித்தா. கொழுந்தியா கல்யாணத்துக்குக் கட்டுன சேலையவே ஏன் கட்டிட்டுப் போன?"

நன்றி, வணக்கம்.