கலப்பில்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம்

நடுவர் அவர்களே, கொழும்பு காலி வீதி நெரிசலில் மாட்டியும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற சபையோரே, வணக்கம்.

பழைய வீட்டோடு புதுக் கட்டடக்கலையைச் சேர்ப்பது வீட்டுக்கு அழகு என்பது எங்கள் கட்சி. எதிரணித் தம்பி இப்போதுதான், 'அது பட்டு வேட்டிக்கு ஜீன்ஸ் துணியில் ஒட்டுப்போடுகிற வேலை, பழையதைக் கலப்பில்லாமல் விடுங்கள்' என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனார். சரி தம்பி, அந்தக் கலப்பில்லாத வீடு எங்கே இருக்கிறது? விறாந்தை, ஜன்னல், குசினி, அலுமாரி, சாவி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். கோடிப்புறத்தில் இருப்பதன் பெயர் ஒல்லாந்தர் தந்தது, அதைச் சபையில் சொல்ல மாட்டேன்.

இதே கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் பகதலை வீதி பக்கம் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு இருக்கிறது. வரிசையாக நின்ற நாலு சின்ன வீடுகளை 1958 தொடங்கி ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக்கினார். உள்ளே செட்டிநாட்டுத் தூண், அங்கங்கே வானம் தெரிகிற முற்றம், அவற்றோடு வெள்ளைச் சுவரில் நவீனக் கட்டடம். அரைவட்டப் பீலி ஓடு மழைக்கு ஒழுகும் என்று ஓட்டுக்குக் கீழே அஸ்பெஸ்டஸ் சீற் போட்டுக் கட்டியவரும் இவர்தான். (இன்றைக்கு அஸ்பெஸ்டஸ் வேண்டாம், அது வேறு கதை.) மேலே பார்த்தால் பழைய ஓடு, கீழே ஒரு சொட்டு ஒழுகாது.

கலப்பதிலும் பிழை விடலாம், ஒத்துக்கொள்கிறேன். கொட்டாஞ்சேனையில் என் பெரியம்மா வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர் வீடு. பலமாக இருக்கட்டும் என்று ஒரு மேசன் பாஸ் சீமெந்து பூசிவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலம்தான், பெயின்ற் அப்பளம் மாதிரிப் பொங்கி, விரலால் தொட்டால் வெள்ளை உப்பாகக் கொட்டியது. நிலத்திலிருந்து உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும், சீமெந்து உள்ளேயே பூட்டிவைக்கும். ஆக, பழையதின் குணம் தெரியாமல் புதியதைக் கொண்டுவந்ததுதான் பிழை, புதியது வந்ததல்ல.

பிறகு சீமெந்தைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பே பூசினோம். தகரம் போட்டு மூடிக் கிடந்த முற்றத்துக்கு மேலே இரும்புச் சட்டத்தில் கண்ணாடி போட்டோம், காற்றுப் போக ஒரு அடி உயர்த்தி. முன்பெல்லாம் காலை பத்து மணிக்கும் லைற் போட்டுக்கொண்டு இருந்த பெரியம்மா, இப்போது மழை கொட்டக் கொட்ட அந்த முற்றத்தில் பாய் போட்டுக் கீரை ஆய்கிறார்.

அதே ஒழுங்கையில் இன்னொரு வீடு இருந்தது. எதிரணி விரும்புகிற மாதிரியே ஒரு ஆணியும் மாற்றவில்லை. பிள்ளைகளால் அந்த இருட்டிலும் ஈரத்திலும் இருக்க முடியவில்லை, விற்றார்கள், இப்போது அங்கே ஒன்பது மாடித் தொடர்மாடி. செதுக்குவேலை செய்த அதன் வாசற்கதவைப் போன மாதம் ஒரு ஹோட்டலில் பார்த்தேன். மேலே கண்ணாடி பதித்துச் சாப்பாட்டு மேசையாக்கியிருக்கிறார்கள். கண்ணாடியே ஆகாது என்ற வீட்டின் கதவு, நடுவர் அவர்களே!

மணி கேட்கிறது, உட்காருகிறேன்.