பியோம்கேஷைப் படிக்கிறபோது பக்கத்தில் ஹோம்ஸ் இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, துப்பறியும் கதை என்றதும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

வங்கத் துப்பறியும், சாகசக் கதைகளின் சுவை கூடுவது தனியே படிக்கும்போதா, ஆங்கிலக் குற்றக் கதைகளோடு சேர்த்துப் படிக்கும்போதா என்பது தலைப்பு. சேர்த்துப் படிக்கும்போதுதான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஐயா இரண்டு வாதங்களை வைத்துவிட்டுப் போனார். ஷெர்லாக் ஹோம்ஸைப் பக்கத்தில் வைத்தால் வங்கத் துப்பறிவாளர் பியோம்கேஷ் பக்ஷி வெறும் நகலாகத் தெரிவார் என்றார். அகதா கிறிஸ்டியை முடித்த கையோடு சத்யஜித் ராயின் துப்பறிவாளர் ஃபெலுதாவைத் திறந்தால் முடிச்சு சப்பென்று இருக்கும் என்றார். ஐயா, இரண்டும் நடக்கக்கூடியவைதான். பொருந்தாத இரண்டு கதைகளை ஜோடி சேர்த்தால் நடந்தே தீரும். ஆகவே எதை எதோடு வைப்பது, எந்த வரிசையில் வைப்பது என்பதைத்தான் நான் பேசப்போகிறேன்.

முதலில் அந்த ‘நகல்’ வழக்கு. வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய பியோம்கேஷை 1932-இல் ‘பதேர் காண்டா’ என்ற கதையில் உலவவிட்டார். கல்கத்தா வீதியில் நடந்து போகிறவர்கள் திடீரென்று சுருண்டு விழுகிறார்கள். நெஞ்சுக்குள் கிராமபோன் ஊசி. இரண்டு கதை எழுதிய பிறகுதான் இவரைத் தொடர்ந்து எழுதலாம் என்று சரதிந்துவுக்குத் தோன்றி, அறிமுகமாக ‘சத்தியான்வேஷி’யை எழுதினார். எழுதிய வரிசை அப்படி இருந்தாலும், படிக்கும்போது ‘சத்தியான்வேஷி’யிலிருந்தே தொடங்குங்கள். அதற்கும் முன்னால், ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலின் முதல் அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். 1890-இல் வந்தது. வழக்கு எதுவும் இல்லாத அலுப்பில் ஹோம்ஸ் ஏழு சதவீதக் கொகெய்ன் கரைசலை ஊசியில் ஏற்றிக் கையில் குத்திக்கொள்கிறார். அறைத் தோழர் வாட்சன் பார்த்துக்கொண்டு பொருமுகிறார்.

இப்போது கல்கத்தாவுக்கு வாருங்கள். ஆண்கள் அறை எடுத்துத் தங்கும் ஒரு மெஸ். அந்தப் பேட்டையில் அடுத்தடுத்துப் பிணங்கள். இடமில்லாத மெஸ்ஸில், கதையைச் சொல்லும் அஜித் தன் அறையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறான். வந்து சேருபவரோ பொய்ப்பெயரில் வந்த பியோம்கேஷ். அந்தக் கொலைகளுக்கெல்லாம் அடியில் கிடப்பது கொகெய்ன் வியாபாரம். லண்டனில் துப்பறிபவரின் அலுப்புக்கு மருந்தாக இருந்த பொருள் இங்கே ஒரு பேட்டையையே தின்றுகொண்டிருக்கிறது. இரண்டு பேர் ஓர் அறையில் சேர்ந்து வாழும் ஏற்பாடு டாயிலுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் சரதிந்து எதை எடுத்தார், எதைத் தலைகீழாக்கினார் என்று கண்ணுக்குத் தெரிவது இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதுதானே? அண்ணன் தம்பி ஜாடையும் வேற்றுமையும் தெரிய வேண்டுமானால் இருவரையும் ஒன்றாக நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கல்யாண விஷயம். துப்பறியும் கதையில் காதல் கூடாது என்று அமெரிக்க எழுத்தாளர் வான் டைன் 1928-இல் விதியே எழுதி வைத்தார். இரண்டே ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் ‘ஸ்ட்ராங் பாய்சன்’ நாவலில், கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கும் பெண்ணிடமே தன் துப்பறிவாளரை மனதைப் பறிகொடுக்க வைத்தார். அதோடு ‘அர்த்தமனர்த்தம்’ கதையைப் படியுங்கள். சந்தேகத்தில் சிக்கிய இளைஞனின் தங்கை சத்தியவதி. பியோம்கேஷ் கடைசியில் அவளையே மணக்கிறார். சேயர்ஸ் தன் ஜோடியைச் சேர்த்து வைக்க 1937 வரை நாவல் நாவலாக இழுத்தார். நம்ம பியோம்கேஷ் சிறுகதையோடு காரியத்தை முடித்துவிட்டு, பிறகு வரும் கதைகளில் மனைவியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வழக்கையும் பார்க்கிறார். குடும்பஸ்தத் துப்பறிவாளர்! ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் வீதியில் இதற்கு இடமே கிடையாது.

நகல் என்று சொல்பவர்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பியோம்கேஷ் கதைகள் முழுமையானவை 32. முடியாமல் நின்றது ஒன்று. முதல் 10 கதைகள் 1936 வாக்கில் முடிந்துவிட்டன. அதன்பின் சரதிந்து பம்பாய் சினிமாவுக்குக் கதை எழுதப் போய்விட்டார். ஏறக்குறைய 15 ஆண்டுகள் பியோம்கேஷ் இல்லை. நடுவில் உலகப் போர், வங்கப் பஞ்சம், கலவரம், பிரிவினை. 1951-இல் ‘சித்ரசோர்’ கதையோடு திரும்பி வந்தவர் வேறு மாதிரி எழுதினார். ஒரு பக்கம் ஹோம்ஸ் தொகுதி, மறு பக்கம் முதல் பத்துக் கதை, இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தால் எந்த வாசகருக்கும் சலிப்புத் தட்டும்; நகல் என்றும் தோன்றும். முதல் பத்தில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நேராக 1951-க்குத் தாவுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: தலைப்புகள் மாறியிருக்கும். ‘சித்ரசோர்’ அங்கே ‘பிக்சர் இம்பர்ஃபெக்ட்’. ‘சிடியாகானா’ அங்கே ‘மெனாஜெரி’.

அந்த ‘சிடியாகானா’தான் என் முக்கியச் சாட்சி. 1953-இல் வந்த நாவல். அதன் ஜோடி 1939-இல் வந்த கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’. கிறிஸ்டி 10 பேரை ஒரு தீவில் இறக்கிவிட்டுப் படகை நிறுத்திவிடுகிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய பாவம். யாரும் வெளியேற முடியாது என்பதுதான் பயமே. சரதிந்துவின் கோலாப் காலனியிலும் ஆளுக்கொரு பழங்கதை உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி நிஷாநாத் சென், ஊர் ஒதுக்கிய மனிதர்களைச் சேர்த்துப் பூந்தோட்டமும் மாட்டுப் பண்ணையும் நடத்துகிறார். யாரோ மோட்டார் உதிரிப் பாகங்களை அவர் மீது ஏவுவதுபோல் வீசிவிட்டுப் போகிறார்கள். அங்கே கடல் கிடையாது, பூட்டு கிடையாது, ரயிலேறினால் கல்கத்தா. ஆனாலும் ஒருவரும் போவதில்லை, ஏனென்றால் போன இடத்தில் சேர்த்துக்கொள்ள ஆளில்லை. தீவைப் படித்துவிட்டு வந்தவருக்குத்தான் இந்தக் காலனியின் கதவு திறந்தே கிடப்பது உறைக்கும். இந்த ஜோடிக்கு ஆங்கில நாவலை முதலில் முடியுங்கள். வரிசை மாறினால் பாதிப் பலன் போய்விடும்.

பியோம்கேஷின் இன்னொரு கதையான ‘ஆதிம் ரிபு’வைப் பற்றி இரண்டு வாக்கியம். கிறிஸ்டியின் கிராமத்தில் ஒரு பிணம் விழுந்தால் ஊரே அதிர்ந்து நிற்கும். இந்தக் கதை நடப்பதோ 1946 கலவரத்துக் கல்கத்தாவில், வீதியெல்லாம் பிணம். அப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு கொலையை ஏன் துருவ வேண்டும் என்ற கேள்வி, அமைதியான ஊர்க் கதைகளைப் படித்துப் பழகியவருக்குத்தான் உடனே எழும்.

இனி ஃபெலுதா. முடிச்சு சப்பென்று இருக்கிறது என்றார் எதிரணித் தலைவர். ஐயா, நீங்கள் ஜோடி சேர்த்ததே தப்பு! ஃபெலுதா 1965-இல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் பத்திரிகையில் பிறந்தவர். சத்யஜித் ராய் பிள்ளைகளுக்காக எழுதினார். கள்ளக்காதல், படுக்கையறைப் பொறாமை, குடும்ப விஷம் என்று கிறிஸ்டி கையாளும் பாதி நோக்கங்களை அவர் தொடவே முடியாது. மீதி என்ன? மோதிரம், சிலை, பழைய சுவடி, ஓவியம், புதையல். இதைத் தெரிந்துகொண்டு ஜோடி தேட வேண்டும். டாயிலின் ‘ப்ளூ கார்பங்கிள்’ கதையை எடுங்கள். தெருவில் தவறிப்போன ஒரு தொப்பியும் ஒரு வாத்தும். அதோடு ஃபெலுதாவின் ‘பாக்ஷோ ரஹஸ்ய’. ரயிலில் மாறிப்போன ஒரு பெட்டி. அதைத் திருப்பிக் கொடுக்கப் போய் வழக்கு சிம்லா பனி வரைக்கும் ஏறுகிறது. அற்பப் பொருளில் தொடங்கி, அதை வைத்திருந்தவரைக் கண்டுபிடிப்பதுதான் இரண்டிலும் விளையாட்டு. இந்தத் தராசில் ஃபெலுதா சப்பென்று இருக்கிறாரா, நடுவரே சொல்லட்டும். தன் கடனை ஃபெலுதாவே மறைத்ததில்லை. லண்டன் போகிற கதையில் பேக்கர் வீதியில் நின்று, குருவே, நீ இருந்ததால்தான் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்கிறவர் அவர். கதாநாயகனே சேர்த்துப் படி என்கிறான், எதிரணி வேண்டாம் என்கிறது!

இடையில் ஓர் எச்சரிக்கை. ஃபெலுதா கதையான ‘சோனார் கெல்லா’வைப் புத்தகமாகப் படிக்காமல் 1974-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்துவிடாதீர்கள். புத்தகத்தில் ராய் கடைசிவரை மறைத்த வில்லனைப் படத்தில் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்.

கடைசி ஜோடி. முதல் அத்தியாயத்தோடு நிறுத்தச் சொன்னேனே, அந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலை இப்போது முழுதாகப் படியுங்கள். ஆக்ராப் புதையல், அந்தமான் கைதி, அவனோடு வரும் டோங்கா என்ற தீவுவாசி. ஹோம்ஸ் ஒரு தகவல் களஞ்சியத்தை விரித்து, அந்தமான் மக்கள் அவலட்சணமானவர்கள், நரமாமிசம் தின்பவர்கள் என்று வாசிக்கிறார். டோங்காவுக்கு நாவலில் ஒரு வார்த்தை பேசும் உரிமை இல்லை. ஊதுகுழலும் நஞ்சு முள்ளும்தான் அவன். முடித்ததும் வங்க எழுத்தாளர் சுனில் கங்கோபாத்யாயவின் ‘சபுஜ் த்வீபேர் ராஜா’வை, அதாவது ‘பச்சைத் தீவின் ராஜா’வை எடுங்கள். அவருடைய சாகச நாயகர் காகாபாபுவும் அண்ணன் மகன் சந்துவும் அதே அந்தமானுக்குப் போகிறார்கள். இதிலும் நஞ்சு தோய்ந்த அம்பு வருகிறது. ஆனால் அந்தமான் பழங்குடியினரான ஜாரவாக்கள் அதை யாரிடமிருந்து எதைக் காப்பாற்ற எடுக்கிறார்கள் என்பது மாறிவிடுகிறது. அந்த ராஜா யார் என்பதை மட்டும் நான் சொல்லமாட்டேன், சிறைக்கூடம் கட்டப்பட்ட தீவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சில்லறைச் சுவையும் உண்டு: வாட்சனின் காயமும் ஆப்கானிஸ்தானில் பட்டதுதான், காகாபாபுவின் கால் போனதும் ஆப்கானிஸ்தானில்தான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழி, ‘சபுஜ் த்வீபேர் ராஜா’ எந்தப் பழைய பேச்சுக்குப் பதில் சொல்கிறது என்பதை டோங்காவின் பெயரையே எடுக்காமல் இந்த அவைக்கு விளக்கட்டும். கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.