வழியில் கிடைத்த கேமராவை உரியவரிடம் சேர்ப்பது எப்படி? வட்டக்கானலில் இருந்து ஒரு கேள்வி

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில், ஆனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன். வத்தலக்குண்டில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, கொடைக்கானல் வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதையில், மரவேர்கள் படி மாதிரி ஓடுகிற இடத்தில் ஒரு நிக்கான் கேமரா கிடந்தது. பனியில் நனைந்திருக்கிறது, ஆன் ஆகவில்லை. நீயே வைத்துக்கொள் என்கிறார்கள் சிலர், போலீஸில் கொடு என்கிறார்கள் சிலர். எனக்கு அது உரியவர் கைக்குப் போக வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?"

தம்பி, அந்த எண்ணத்துக்கே முதலில் நன்றி. கேமரா போனால் காசு சேர்த்து இன்னொன்று வாங்கிவிடலாம், கார்டில் இருக்கிற படம் போனால் போனதுதான். அதனால் அவசரப்பட்டு சார்ஜ் போட்டு ஆன் செய்து பார்க்க வேண்டாம், ஈரம் உள்ளே இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் போர்டே போய்விடும். பேட்டரியையும் கார்டையும் வெளியே எடுங்கள். செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாகப் போட்டு வரும் சிலிக்கா ஜெல் நாலைந்து சேர்த்து, மூடிய டப்பாவில் கேமராவோடு போட்டு வையுங்கள். அரிசியில் புதைக்கிற வேலை வேண்டாம், தூசியும் மாவும் உள்ளே போகும். வெயிலில் காய வைப்பதும் ஹேர் டிரையர் பிடிப்பதும் கூடாது. அப்படியே பையில் போட்டும் வைக்காதீர்கள், நம் மலை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

அடுத்தது இடம். எல்லோரும் நேராக இணையத்துக்கு ஓடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. தொலைத்தவர் முதலில் எங்கே தேடுவார்? தொலைத்த இடத்தில்தான். திரும்பி வர முடியாத தூரம் போயிருந்தாலும், அன்றைக்குக் கூட்டி வந்த டாக்ஸி டிரைவருக்கோ தங்கிய காட்டேஜுக்கோதான் போன் போடுவார், "அண்ணே, கேமராவை எங்கேயோ விட்டுவிட்டேன், பார்த்தீங்களா" என்று. ஆகவே நீங்கள் அவரைத் தேடுவதைவிட, அவர் உங்களைக் கண்டுபிடிக்க வழி செய்து வைப்பதுதான் பாதி வேலை. அந்தப் பாதையில் டீக்கடை, ஆம்லெட் கடை வைத்திருக்கிறவர்களிடமும், வட்டக்கானல் டாக்ஸிக்காரர்களிடமும், பக்கத்துக் காட்டேஜ்களிலும் சொல்லி, உங்கள் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் மேகம் இறங்குகிற ஊரில் ஒரே நாளில் மை ஓடிவிடும், பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி எழுதுங்கள். "ஒரு கேமரா கிடைத்திருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்ன கம்பெனி, என்ன லென்ஸ், வார் என்ன நிறம் என்றெல்லாம் சொல்லவே கூடாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம் கார்டு. எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதைக் கீழே தள்ளி லாக் செய்துவிட்டுக் கம்ப்யூட்டரில் போடுங்கள், எதுவும் தவறி அழியாது. "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி வெளியே எடுத்துவிடுங்கள். திறந்தால், ஒரு படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீட்டெயில்ஸ். கேமரா மெனுவில் உரிமையாளர் பெயரையோ காப்பிரைட் விவரத்தையோ பதிந்து வைக்க வசதி உண்டு, அப்படிப் பதிந்திருந்தால் பெயர் அங்கேயே நிற்கும். சீரியல் எண்ணும் படத்தோடு பதிவாகியிருக்கலாம். அந்த எண்ணை வைத்து, அதே கேமராவில் எடுத்து இணையத்தில் ஏற்றிய வேறு படங்களைத் தேடித் தரும் ஸ்டோலன் கேமரா ஃபைண்டர் போன்ற தளங்கள் இருக்கின்றன, முயன்று பாருங்கள். ஆனால் வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் படத்தோடு இருக்கும் இந்த விவரங்களை நீக்கிவிடுவதால் நம்மூர் ஆட்கள் விஷயத்தில் பலன் கிடைப்பது அபூர்வம்.

படங்களைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், அது இன்னொருவர் வீட்டு ஆல்பம். எல்லாவற்றையும் புரட்ட வேண்டிய தேவையே இல்லை. கடைசியில் சில படங்கள், தொடக்கத்தில் சில படங்கள் போதும். கடைசிப் படங்களில் அவர் இங்கே எங்கெங்கே போனார், எங்கே தங்கினார் என்பது கிடைக்கும்: அறை ஜன்னல், சாப்பாட்டு மேஜை மேல் மெனு அட்டை, பின்னால் நிற்கிற காரின் நம்பர். தொடக்கப் படங்களில் சொந்த ஊர் இருக்கும். நம் ஊர்க் குடும்பம் என்றால் ஒரு காதணி விழாவோ கல்யாணமோ இருந்தாலே போதும், ஃப்ளெக்ஸ் பேனரில் தாய்மாமன் பெயர் முதல் ஊர் பெயர் வரை எழுதியிருப்பார்கள், கீழே மூலையில் பேனர் அடித்த கடையின் பெயரும் போன் நம்பரும் பொடி எழுத்தில் இருக்கும். பெரிதாக்கிப் படித்து அந்தக் கடைக்கு ஒரு போன் போட்டால், எந்த வீட்டு விசேஷம் என்று சொல்லிவிடுவார்கள்.

வட்டக்கானல் என்பதால் இன்னொன்றும் பாருங்கள். அங்கே இஸ்ரேலில் இருந்து வருகிறவர்கள் அதிகம். கேமரா கடிகாரத்தைப் பலர் மாற்றாமலே வருவார்கள். நிழல் காலடியில் விழுகிற உச்சி வெயில் படத்தில் நேரம் காலை 8.30 என்றோ 9.30 என்றோ இருந்தால் அது இஸ்ரேல் நேரமாக இருக்கலாம், குளிர்காலத்தில் நமக்கு மூன்றரை மணி பின்னால், கோடையில் இரண்டரை மணி. 6.30 என்றால் குளிர்கால இங்கிலாந்து. வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர்கள் பாஸ்போர்ட் விவரத்தை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும், ஆக விடுதி எது என்று தெரிந்தாலே ஆள் கிடைத்த மாதிரிதான். அவர்கள் உங்களிடம் எண்ணைத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. "நீங்களே அவருக்கு ஒரு தகவல் அனுப்புங்கள்" என்று கேளுங்கள்.

ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். "இவர்களைத் தெரியுமா, ஷேர் செய்யுங்கள்" என்று குடும்பப் படத்தைத் தூக்கி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் அதில் பெண்கள், குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் அந்த முகங்கள் ஊர் ஊராகப் போகும், பிறகு திரும்ப எடுக்கவே முடியாது. அவசியம் என்றால் ஆள் இல்லாத படம், ஒரு நாய்க்குட்டியோ வீட்டுக் கோலமோ, அதைப் போடுங்கள், உரியவருக்கு மட்டும் அடையாளம் தெரியும்.

யாராவது "அது என்னுடையது" என்று வந்தால் நீங்கள் சொல்லாமல் வைத்ததைக் கேளுங்கள். வார் என்ன நிறம், கடைசியாக என்ன எடுத்தீர்கள், லென்ஸில் கீறல் உண்டா? கேமராவின் அடியில் இருக்கும் சீரியல் எண் வாங்கிய பெட்டியிலும் வாரண்டி அட்டையிலும் இருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையில் தொலைத்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். படங்களை உங்கள் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்திருந்தால், அவர் சரிபார்த்து வாங்கிக்கொண்டதும் அழித்துவிடுங்கள்.

நீயே வைத்துக்கொள் என்கிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு 314ஆவது பிரிவு இருக்கிறது, பழைய ஐபிசியில் 403. உரியவரிடம் கொடுப்பதற்காக எடுத்து வைப்பது குற்றம் ஆகாது. தேடுவதற்கு நியாயமான முயற்சி எடுக்காமல், தகுந்த காலம் காத்திருக்காமல் தனதாக்கிக்கொண்டால் அது குற்றம், குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. அதனால் போலீஸைக் கடைசி வழியாக வைக்காதீர்கள், முதல் வாரத்திலேயே ஒரு மனு எழுதி, எந்த இடத்தில் எந்த நாளில் எடுத்தீர்கள் என்று குறிப்பிட்டுக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். கொடைக்கானலுக்கு வருகிற வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸ் இருக்கிறது, படத்தில் கார் நம்பர் தெரிந்தால் அதை வைத்து விசாரிக்கும் வழி நமக்கு இல்லை, போலீஸுக்கு உண்டு, மனுவிலேயே அந்த நம்பரையும் எழுதிவிடுங்கள். கேமராவை ஸ்டேஷனிலேயே ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படையுங்கள், கேமரா, லென்ஸ், பேட்டரி, கார்டு என்று தனித்தனியாக ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கார்டு மட்டும் பட்டியலில் விடுபட்டுப் போவதுண்டு. அந்த ரசீது எண்ணை டீக்கடைக்காரரிடமும் காட்டேஜிலும் கொடுத்து வையுங்கள், அடுத்த சீசனுக்கு அவர் திரும்ப வந்து விசாரித்தாலும் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று அவர்களால் சொல்ல முடியும்.