பிழை நேர்ந்த இடத்துக்குத் திரும்பும் வழி

(வேலூரில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

நம் வேலூரில் வழி கேட்டால் கதவு எண்ணை யாரும் சொல்வதில்லை. கோட்டை வாசலிலிருந்து பத்தாவது கடை என்பார் ஒருவர். அதே கடையைப் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து எண்ணிச் சொல்வார் மற்றொருவர். 1978இல் வந்த இன்டெல் 8086 நுண்செயலியும் நினைவகத்துக்கு இப்படித்தான் முகவரி சொன்னது. செயலிக்குள் எண்களை வைக்கும் சிறு இடங்களான பதிவகங்கள் 16 பிட்டே கொண்டவை; அவற்றை வைத்துக்கொண்டு 1 மெகாபைட்டை எட்ட வேண்டியிருந்ததால், எண்ணத் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் செக்மென்ட் எண்ணை 16ஆல் பெருக்கி, அதனுடன் அங்கிருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்லும் ஆஃப்செட்டைக் கூட்டியது. பதினாறடிமான (16ஐ அடிமானமாகக் கொண்ட) எண்களில், 1234 செக்மென்ட்டில் 0005 என்றாலும் 1230இல் 0045 என்றாலும் போய்ச் சேரும் இடம் 12345தான். அடுத்த ஆண்டு வந்த மோட்டோரோலா 68000 என்ற நுண்செயலி இந்தச் சுற்றுவழியை விட்டு, 16 மெகாபைட்டையும் ஒரே நேர்க்கோடாக எண்ணியது. எனக்கு அதுவே அழகாகப் படுகிறது.

ஆனால் பிழை நேர்ந்தால் என்ன செய்வது? நான் காட்பாடியில் படித்த நாளில், 8086 பயிற்சிக் கிட்டில் ஓட்டிய என் நிரலில் வகுக்கும் எண் பூஜ்யமாகிவிட்டது. திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கில் செயலி விட்டுச்சென்ற 6 பைட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டு தேடினேன். அதிலிருந்த முகவரி வகுத்தல் கட்டளையுடையதன்று, அதற்கு அடுத்த கட்டளையுடையது! பிழை செய்த கட்டளையையே சுட்டும் வழக்கம் இன்டெலின் பிந்தைய செயலியான 80286இல்தான் வந்தது.

68000இன் நிலை இன்னும் கடினம். ஒற்றைப்படை முகவரியில் 16 பிட் சொல்லை (இரண்டு பைட்டுகள் சேர்ந்த அலகை) படிக்க முயன்றாலோ, நினைவகம் பதில் தராமல் பஸ் எரர் என்ற பிழை எழுந்தாலோ, அது 14 பைட்டுகளை ஸ்டாக்கில் எழுதும். தவறிய முகவரியும் அவற்றில் இருக்கும். எனினும் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்துவைக்கும் இயல்பால், அங்கே பதிவாகும் கட்டளை முகவரி சில பைட்டுகள் தள்ளியே நிற்கும். பாதியில் நின்ற வேலை எதுவரை முடிந்தது என்ற செய்தியும் இராது. நினைவகத்தில் இல்லாத பக்கத்தை, அதாவது தரவுத் துண்டை, வட்டிலிருந்து கொண்டுவந்து, விட்ட இடத்தில் தொடர்வதே மெய்நிகர் நினைவகத்தின் உயிர்நிலை என்பதால், இந்தக் குறை சிறியதன்று. 1982இல் வந்த, 68000இன் மேம்பட்ட வடிவமான 68010, பஸ் எரருக்கு 58 பைட்டுகளை எழுதியது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை செயலியின் உள்நிலையே. அவற்றை அப்படியே திருப்பிக் கொடுத்தால், கட்டளையின் நடுவிலிருந்தே அது வேலையைத் தொடரும்.

அந்த 14 பைட்டுகளையும் 58 பைட்டுகளையும் கரும்பலகையில் அருகருகே வரைந்திருக்கிறேன். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.