ஒரு தொடக்கம் உண்டாவதற்காக

நேயர்களுக்கு வணக்கம்.

இளம் வயதில், வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்னும் ஊரில், தம்மோடு சேர்ந்து வளர்ந்த நண்பனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார் நான்காம் நூற்றாண்டில் பிறந்த கிறித்தவச் சிந்தனையாளர் அகுஸ்தினார். சொந்த ஊரே அவருக்கு வதையாயிற்று. பார்த்த இடமெல்லாம் சாவு. ‘எனக்கு நானே பெரும் புதிராகிவிட்டேன்’ என்று ‘அறிக்கைகள்’ நூலில் எழுதுகிறார். பின்னர், ஆயராக அந்த நாள்களைத் திரும்பிப் பார்க்கையில், சாகக்கூடிய ஒருவனைச் சாகாதவன்போல நேசித்ததே பிழை என்கிறார். கடவுளுக்குள் நேசித்தால் எவரையும் இழக்க வேண்டியதில்லை என்பது அவர் கண்டடைந்த விடை.

இந்த விடையை எளிதில் ஏற்காத ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்த அரசியல் சிந்தனையாளர் ஹானா அரென்ட், 22 வயதில், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸிடம் அகுஸ்தினாரின் அன்பைப் பற்றி ஆய்வு செய்தார். 1929இல் அது நூலாக வந்தது. அவர் எழுப்பிய கேள்வி என்னை இன்றும் உறுத்துகிறது: உலகைத் துறந்து கடவுள்முன் தனியே நிற்பவனுக்குப் பிறன் எப்படிப் பொருட்டாவான்? ‘பிறனிடத்தில் அன்புகூருவாயாக’ என்கிறது வேதம். கடவுளின் பொருட்டு அன்புகூரும்போது, அந்த அன்பு அந்த மனிதனைச் சேருகிறதா, அவனைக் கடந்து போய்விடுகிறதா?

1933இல், நாஜிகள் ஆட்சியைப் பிடித்தபின், அரென்ட் ஜெர்மனியை விட்டுத் தப்பினார். பிரான்சில் குர்ஸ் தடுப்பு முகாமில் அடைபட்டார். 1941இல் நியூயார்க் சேர்ந்தார். நாடற்றவராக வாழ்ந்த அந்த ஆண்டுகளிலும் அகுஸ்தினார் அவரை விடவில்லை. சர்வாதிகாரத்தைப் பற்றிய தம் பெருநூலுக்குப் பின்னாளில் எழுதிச் சேர்த்த அத்தியாயத்தை அகுஸ்தினாரின் வாக்கியம் ஒன்றைக் கொண்டுதான் முடிக்கிறார்: ‘ஒரு தொடக்கம் உண்டாவதற்காக மனிதன் படைக்கப்பட்டான்.’

‘கடவுளின் நகரம்’ நூலின் 12ஆம் பகுதியில் வருவது அது. எல்லாம் சுழன்று சுழன்று மீண்டும் நிகழும், புதிதாக எதுவும் இல்லை என்று வாதிட்டவர்களுக்கு அகுஸ்தினார் அங்கே மறுப்புச் சொல்கிறார். அரென்ட் அதைப் பிள்ளைப்பேறு நிகழும் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுவந்தார். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் அதுவரை உலகில் இல்லாத ஒரு தொடக்கம். மனிதரை ஒரே அச்சில் வார்க்க நினைக்கும் ஆட்சி எதுவும் அதை முழுதாக அடைத்துவிட முடியாது. முகாமைக் கண்டு மீண்டவர் இதைச் சொல்கிறார் என்பதால்தான் எனக்கு இது வெறும் ஆறுதல் வார்த்தையாகத் தோன்றவில்லை.

1960களின் தொடக்கத்தில், அந்த இளவயது ஆய்வின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்த உட்கார்ந்தார் அரென்ட். பழைய பக்கங்களின் நடுவே பிறப்பைப் பற்றிய புதிய வரிகளைச் சேர்த்தார். திருத்தம் முடியவில்லை. 1975இல் அவர் இறந்தார். அந்த மொழிபெயர்ப்பு நூலாக வந்தது 1996இல்.